தெர்மல் பேஸ்ட் மாற்றியும் லேப்டாப் சூடு குறையவில்லையா?

கேமிங் லேப்டாப் சூடாகிறது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "தெர்மல் பேஸ்ட் மாத்துங்க, சரியாயிடும்." பிராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோகத்தகட்டுக்கும் நடுவே தடவுகிற பசைதான் தெர்மல் பேஸ்ட். நானும் மாற்றினேன். மாற்றிய பிறகு நிலைமை முன்பைவிட மோசமானது. அதிலிருந்து மீண்டு வருவதற்குள் கையை விட்டுப் போனது கிட்டத்தட்ட 40,000 ரூபாய். அதோடு ஒரு வாடிக்கையாளர் குடும்பமும் போனது. பேஸ்ட்டைவிட முக்கியமான விஷயம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று அப்போது எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2022-இல் 1,15,000 ரூபாய்க்கு இஎம்ஐ போட்டு ஒரு லேப்டாப் வாங்கினேன். இன்டெல் 12-ஆம் தலைமுறை ஐ7-12700எச் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கலர் பார்த்து, 4கே-யில் ரெண்டர் போடுகிற, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக எடுக்கிற வேலைக்கு அது தாராளம். முதல் இரண்டு வருஷம் எந்தப் புகாரும் இல்லை. மூன்றாவது கோடையில்தான் ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் வைகாசி முகூர்த்தம் என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. அக்னி நட்சத்திர வெயிலும் அதே சமயம்தான் அடிக்கும். மாடி அறையில் மத்தியானம் 36, 37 டிகிரி. ரெண்டர் போட்டால் ஃபேன் அலறும், பத்து நிமிஷத்தில் வேகம் பாதியாக விழும். இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை நாலு மணி நேரம் இழுத்தது.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். வாரண்டி முடிந்துவிட்டது. ஆன் செய்து பார்த்துவிட்டு, "கேமிங் லேப்டாப்புன்னா 95 டிகிரி நார்மல்தான் சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 2,200 ரூபாய்க்கு ஒரு கூலிங் பேட் வாங்கினேன். மூன்று டிகிரி குறைந்தது, அவ்வளவுதான். கூலிங் பேட் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வைத்தாலே அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளுக்கு இடம் வேண்டும், அதுதான் விஷயம்.

அடுத்து ஒரு ரிப்பேர் கடை. "பேஸ்ட், பேட் ரெண்டும் மாத்திடலாம் அண்ணே, புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். அவர் சொன்ன பேட், கூலிங் பேட் இல்லை; மற்ற சிப்புகளின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்த நடுவே வைக்கும் ரப்பர் போன்ற தெர்மல் பேட். 1,800 ரூபாய் கொடுத்தேன். அன்று சாயங்காலமே ரெண்டர் போட்டேன். இரண்டே நிமிஷத்தில் பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டது. வேகம் 2 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டது. திரும்ப எடுத்துப் போனபோது, "நல்ல பேஸ்ட்தான் போட்டிருக்கோம், செட் ஆக நாள் ஆகும்" என்றார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்த வாரத்தில்தான் ஒரு ரிசப்ஷன் வீடியோ தேதி தவறியது. பெண்ணின் அப்பா தினமும் காலையில் போன் செய்து, "தம்பி, மாப்பிள்ளை வீட்ல கேக்கறாங்க, நான் என்ன சொல்லட்டும்?" என்பார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியில் பேசிய தொகையில் 10,000 குறைத்துக்கொண்டேன். அதே குடும்பத்தில் அடுத்து வரவிருந்த சீமந்த, காதுகுத்து வேலை இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாய் ஆர்டர். அது வேறு ஆளுக்குப் போனது.

இரண்டாவது கடையில் 500 ரூபாய் செக்கிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு, "போர்டு போகுது சார், மாத்தணும்னா 38,000 ஆகும்" என்றார்கள். பிராசஸர் உட்பட எல்லாம் பொருத்தியிருக்கும் மதர்போர்டைத்தான் சொன்னார்கள். இஎம்ஐ இன்னும் நாலு மாசம் பாக்கி இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. போர்டு நிஜமாகவே போகிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா என்று பிரித்தறிய என்னிடம் ஒரு வழியும் இல்லை. அந்த இயலாமைதான் பயத்தைவிட அதிகமாக வலித்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் லேப்டாப்பைத் திறக்காமலேயே இதை யாரும் செய்யலாம். டெம்பரேச்சர் எண் மட்டும் உங்களுக்கு எதையும் சொல்லாது. கூடவே வாட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பிராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது என்று ஒரு வரி வரும். என் பிராசஸரின் அடிப்படை அளவு 45 வாட், உச்சத்தில் 115 வாட் வரை போகும், 100 டிகிரியில் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். 90 வாட் எடுத்துக்கொண்டு 95 டிகிரியில் ஓடினால், சூட்டை வாங்கி வெளியே கடத்தும் உலோக அமைப்பான ஹீட்சிங்க் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். என்னுடையது வெறும் 38 வாட்டில் 100 டிகிரியைத் தொட்டது. அவ்வளவு குறைந்த வாட்டில் வரும் சூட்டைக்கூட வெளியே கடத்த முடியவில்லை என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. "கேமிங் லேப்டாப் சூடாகத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால், எத்தனை வாட்டில் என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது கோர்களுக்கு, அதாவது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளுக்கு, இடையே இருக்கும் வித்தியாசம். பிராசஸரை முழு வேகத்தில் ஓட்டி மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஒவ்வொரு கோரின் சூட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பெரிய கோர்களுக்குள் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் சாதாரணம். எனக்கு ஒரு கோர் 100, இன்னொன்று 79. ஒரே சிலிக்கான், ஒரே வேலை, 21 டிகிரி வித்தியாசம். கிராஃபிக்ஸுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு: சராசரி டெம்பரேச்சருக்கும் சிப்பின் மிகச் சூடான இடத்தை ஹாட்ஸ்பாட் என்று காட்டுவதற்கும் 10 முதல் 15 டிகிரி இடைவெளி இருக்கலாம். என்னுடையதில் 28. போர்டு பழுதானால் இப்படி ஒரு மூலை மட்டும் கொதிக்காது. மேலே உட்கார வேண்டிய ஹீட்சிங்க்கின் செம்புத்தகடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத்தான் இது அடையாளம். இது புரிந்ததும் வந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏன் சாய்வு இவ்வளவு பாதிக்கிறது? டெஸ்க்டாப் பிராசஸர்களில் சிலிக்கானுக்கு மேலே ஒரு உலோக மூடி இருக்கும். லேப்டாப்பில் அது கிடையாது. விரல் நகம் அளவுள்ள வெறும் சிலிக்கான் மேல் செம்புத்தகடு நேராக உட்காரும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு 400 வாட் பக்கம். விலையுயர்ந்த பேஸ்ட்டுக்கு டப்பாவில் போட்டிருப்பதே 8, 10 என்றுதான் இருக்கும். காற்றுக்கு 0.03-கூட இல்லை. அதாவது இரண்டு பரப்புக்கும் நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்காமல் நிரப்புவது மட்டும்தான் பேஸ்ட்டின் வேலை. அது எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால், உலகத்திலேயே உசத்தியான பேஸ்ட் போட்டாலும் அந்தப் பக்கம் வெந்துதான் போகும்.

சரி, நானே திறப்பது என்று முடிவு செய்தேன். முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அடித்தகட்டைத் திறந்த உடனே அதைச் செய்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். அடித்தகட்டின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஸ்க்ரூவைக் குத்தி வைத்தேன். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் மறுபக்கம் கீபோர்டு வரை குத்திவிடும். கிளிப்புகளை நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு போதும், இரும்பு எதுவும் வேண்டாம். இன்னொன்று: திறப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கிக்கொண்டால் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் நேராகத் தூக்கக் கூடாது. லேசாக இப்படியும் அப்படியும் அசைத்து, ஒட்டு விட்ட பிறகு இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டும். ஹீட்பைப் என்பது காற்றை எடுத்துவிட்டு உள்ளே கொஞ்சம் திரவம் அடைத்த மெல்லிய செம்புக் குழாய். ஒருமுறை மடங்கினால் அதன் பழைய திறன் திரும்பாது.

தூக்கிப் பார்த்தபோது பதில் அப்படியே கண்முன் இருந்தது. பிராசஸரின் ஒரு ஓரத்தில் பேஸ்ட் மெல்லிசாக நசுங்கி, கீழே கண்ணாடி மாதிரி சிலிக்கான் தெரிந்தது. எதிர் ஓரத்தில் பேஸ்ட் வைத்த மேனிக்கு, சாம்பல் நிறத்தில் தடிமனாக, செம்பின் அழுத்தமே படாமல் இருந்தது. கிராஃபிக்ஸ் சிப்பைச் சுற்றி ஆறு மெமரி சிப்புகள். அவற்றின் மேல் கடையில் புதிதாகப் போட்ட நீல நிற பேட். அதைப் பிய்த்தபோது, சிப்பில் அச்சடித்திருக்கும் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகப் பேட்டில் பதிந்திருந்தன. அவ்வளவு அழுத்தம் அங்கே போய்க்கொண்டிருந்தது. செம்புத்தகடு பிராசஸர் மேல் உட்கார வேண்டிய பலத்தையெல்லாம் இந்தப் பேட்கள் வாங்கிக்கொண்டிருந்தன. மின்சுற்றுப் பக்கம் ஒரே ஒரு பழைய பேட்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள். வெர்னியரில் அதை அளந்தேன்: 1 மி.மீ. அதே மட்டத்தில் பக்கத்தில் போட்டிருந்த புதியது 1.5 மி.மீ. கதவின் கீல் பக்கம் சின்னக் கல் சிக்கினால் கதவு எப்படிப் பொருந்தாமல் நிற்குமோ, அந்த அரை மில்லிமீட்டர் அதைத்தான் செய்திருந்தது.

பேட் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கடத்துதிறன் எண் பெரிதாக இருக்கும் பேட்கள் பல கெட்டியாக இருக்கும், நசுங்காது. மெமரி சிப்புக்குத் தேவையான சூடு கடத்தலுக்கு நடுத்தரமான, மென்மையான பேட்டே போதும். சரியான தடிமன் தெரியவில்லை என்றால் பேட்டே வேண்டாம், தெர்மல் புட்டி வாங்குங்கள். பிசைந்த மாவு பதத்தில் இருக்கும் அதை சிப் மேல் கொஞ்சம் தாராளமாக வைத்து மூடினால் இருக்கிற இடைவெளிக்குத் தகுந்தபடி தானே நசுங்கிக்கொள்ளும். செம்புத்தகட்டை எதிர்த்துத் தூக்காது. நான் நீலப் பேட்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புட்டிதான் போட்டேன். 1,100 ரூபாய் ஆனது. துடைத்து எடுப்பது சிரமம் என்பது மட்டும்தான் அதில் குறை.

பிராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் பேஸ்ட் போடாமல் ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாள் போட்டேன். காரணம் சொல்கிறேன். லேப்டாப் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகமும் சிலிக்கானும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். அந்த அசைவில் இளக்கமான பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். வெறும் சிலிக்கானில் இது வேகமாக நடக்கும். டெஸ்க்டாப்பில் வருஷக்கணக்கில் உழைக்கும் பேஸ்ட் லேப்டாப்பில் சில மாதங்களிலேயே கைவிடுவது இதனால்தான். பிடிஎம்7950 சாதாரண சூட்டில் தாள். 45 டிகிரி அளவில் இளகிப் பரப்பெங்கும் படியும், ஆனால் வெளியே வழிந்து போகாது. போலி நிறையச் சுற்றுகிறது, அதனால் விலை மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். எனக்கு 900 ரூபாய் ஆனது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உரிய மறுக்கும். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சுலபமாக உரியும். அதற்கு முன் பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் இரண்டு பரப்பிலும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். லிக்விட் மெட்டல் போடச் சொல்லிச் சிலர் தூண்டுவார்கள். கேலியம் கலவையான அது அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். பக்கத்து கெபாசிட்டரில் ஒரு சொட்டு விழுந்தால் நிஜமாகவே போர்டு போய்விடும். பிழைப்புக்கு வைத்திருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

மூடும்போதுதான் பாதி வெற்றி தோல்வி இருக்கிறது. ஹீட்சிங்க்கில் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருப்பார்கள். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது சின்ன எண்ணிலிருந்து. ஒரே ஸ்க்ரூவை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. ஒவ்வொன்றையும் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக இறக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் முழுக்க இறக்கினால் தகடு அங்கேயே சாய்ந்துவிடும், சிலிக்கானின் விளிம்பு உடையவும் வாய்ப்பு உண்டு. ஸ்க்ரூ நின்றதும் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் பலம் போட்டால் அழுத்தம் அதிகமாகாது, மரைதான் போகும். செம்புத்தகட்டைப் பிடித்திருக்கும் வில்பட்டைகள் வளைந்திருக்கிறதா என்பதையும் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள், அழுத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

திறந்ததோடு ஃபேனுக்கும் ஹீட்சிங்க் இறகுகளுக்கும் நடுவே பாருங்கள். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் இந்த இடம் தெரியாது. என்னுடையதில் தூசியும் நூலும் சேர்ந்து முழு அகலத்துக்கும் அடையாகப் படிந்திருந்தது. ஃபேனைக் கழற்றி ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

மூடி ஆன் செய்தபோது என் கை நடுங்கியதை மறைக்கவில்லை. லோகோ வந்தது. முதல் டெஸ்ட்டில் 93 டிகிரி, நினைத்த அளவு குறையவில்லை. பிடிஎம் தாள் சில முறை நன்றாகச் சூடாகி ஆறினால்தான் மெல்லிசாகப் படியும் என்பது தெரிந்திருந்ததால் பதற்றப்படவில்லை. சில நாள் வேலைக்குப் பிறகு அதே அறை, அதே மத்தியான வெயிலில் எடுத்த கணக்கு இது: 75 வாட், 88 டிகிரி. கோர்களுக்குள் வித்தியாசம் 6 டிகிரி. ஹாட்ஸ்பாட் இடைவெளி 12. சினிபெஞ்ச் மதிப்பெண் 11,000 சொச்சத்திலிருந்து 15,500-ஐத் தாண்டியது. ஸ்க்ரூடிரைவர் செட், ஆல்கஹால் எல்லாம் சேர்த்தே 2,700 ரூபாய்தான் ஆனது. போர்டு மாற்ற 38,000 கேட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் வாட்டைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். 12-ஆம் தலைமுறை எச் வகை லேப்டாப்கள் பலவற்றில் வோல்டேஜைக் குறைக்கும் வசதி பூட்டியிருக்கும். த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளில் நீடித்த வாட் வரம்பை மட்டும் இறக்கிப் பாருங்கள், அது பெரும்பாலும் வேலை செய்யும். நான் ராத்திரி முழுக்க ஓடும் ரெண்டர்களுக்கு 60 வாட்டில் நிறுத்தி வைக்கிறேன். நேரம் கொஞ்சம்தான் கூடுகிறது, ஃபேன் சத்தம் பாதியாகக் குறைகிறது. அறைச் சூட்டையும் மறக்காதீர்கள். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே சிப்பிலும் ஏறும். தை மாதத்தில் எடுத்த கணக்கையும் வைகாசியில் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பயப்படாமல் இருக்க, எண்ணைக் குறிக்கும்போது அறை டெம்பரேச்சரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எல்லோரும் கையில் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கடையில் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் பத்து நிமிஷ சினிபெஞ்ச் போட்டு வாட், கோர் டெம்பரேச்சர், மதிப்பெண் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த பிராண்டு பேஸ்ட் என்று கேட்பதைவிட, பேட் எத்தனை மி.மீ. போடுவீர்கள், அந்த அளவு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அளந்துதான் போடுவேன், இல்லை புட்டி போடுவேன் என்று சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம். கழற்றியதும் பழைய பேஸ்ட் படிந்திருக்கும் விதத்தை, சிப்பிலும் செம்பிலும், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே, பணம் கொடுப்பதற்கு முன், அதே டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்கள். கோர்களுக்குள் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் வாங்காதீர்கள், இன்னொரு முறை திறக்கச் சொல்லுங்கள்.